கடலூர்ல மாடி சோலார்: 78,000 ரூபாய் மானியம் கைக்கு வர்ற வரைக்கும் செஞ்ச வேலை எல்லாம்

எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல. மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டு, மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூபாய் மானியம் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வந்தாச்சு. தெரிஞ்சவங்க போன் பண்ணா எல்லாரும் எந்த கம்பெனி, எவ்ளோ ஆச்சுன்னு அதத்தான் மொதல்ல கேக்குறாங்க. ஆனா மானியம் வருமா வராதாங்கறது பேனல் மாடிக்கு ஏறுறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது, யாரு பேர்ல கனெக்‌ஷன் இருக்கு, என்ன பேனல் வருது, எந்த வரிசையில அப்ளை பண்ணீங்க, இதுதான் விஷயம். இன்னொன்னும் இருக்கு, மானியத்துக்கு என்ன தேவையோ அத மட்டும் செஞ்சா நம்ம ஊரு புயலுக்கு பத்தாது. ரெண்டையும் சேத்து செஞ்ச வரிசையில எழுதுறேன். நான் சிப்காட்ல மெயின்டனன்ஸ்ல வேலை பாத்தவன், மீட்டர் புடிச்சு பழக்கம் உண்டு, ஆனா இதுல முக்கால்வாசி வேலை யாரு வேணும்னாலும் பாக்கக்கூடியதுதான்.

மொதல்ல ஈபி கார்டை எடுத்து ஒரு வருஷத்து ரீடிங்க பாருங்க. எங்க வீட்ல ஏசி ஓடுற கோடையில ரெண்டு மாசத்துக்கு 780 யூனிட் வரைக்கும் போயிருக்கு. 2024 ஜூலையில மாறுன கட்டணத்த வச்சு பாத்தா மொத 100 யூனிட் ஃப்ரீ, 500 யூனிட்ட தாண்டிட்டா 101ல இருந்து 400 வரைக்கும் யூனிட்டுக்கு 4.80, அடுத்த நூறுக்கு 6.45, அதுக்கு அடுத்த நூறுக்கு 8.55, 601ல இருந்து 800 வரைக்கும் 9.65, இப்டி கூட்டுனா 780 யூனிட்டுக்கு 4,677 ரூபாய் ஆகுது. சோலார்ல வர்ற யூனிட் இதுல மேல இருக்கற விலை கூடுன ஸ்லாப்ல இருந்துதான் மொதல்ல கழியும், லாபமே அங்கதான். அதனால ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள செலவு பண்ற வீட்டுக்கு நான் சோலார் போடுன்னு சொல்லமாட்டேன், 100 யூனிட் ஃப்ரீ போக அவங்க கட்டுறதே கம்மி, போட்ட காசு திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். விக்கிறவங்க யாரும் இத வாய் தொறந்து சொல்றதில்ல.

நம்ம பக்கம் 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் குடுக்கும்னு கணக்கு வச்சிக்கலாம். 3 கிலோவாட்னா 12, ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் பக்கம். ஐப்பசி கார்த்திகை மழையில கொறையும், பங்குனி சித்திரையில கூடும். எங்க செலவுக்கு இது சரியா பொருந்திச்சு.

மானியக் கணக்கு இப்டி: மொத 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக 78,000, அதுக்கு மேல நீங்க 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். திட்டம் ஆரம்பிச்சது 2024 பிப்ரவரி, ஒரு கோடி வீடுன்னு இலக்கு வச்சிருக்காங்க. முழுப்பணத்தையும் வேண்டருக்கு நாமதான் குடுக்கணும், மானியம் அப்புறமா நேரா நம்ம அக்கவுண்ட்டுக்கு வரும். "மானியத்த நாங்களே கழிச்சுக்குறோம் சார், மீதிய மட்டும் குடுங்க, ஓடிபி வந்தா சொல்லுங்க"ன்னு ஒருத்தர் எங்கிட்ட பேசினாரு, அந்த பேச்சோட அவர அனுப்பிட்டேன். கையில மொத்தமா பணம் இல்லாதவங்களுக்கு ஜன் சமர்த்ங்கற அரசு லோன் வெப்சைட் வழியா பேங்க் லோன் இருக்கு, 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாம 2 லட்சம் வரை தர்றாங்க, வட்டியும் சாதாரண பர்சனல் லோன விட ரொம்ப கம்மி, வெளிய கடன் வாங்குறதுக்கு முன்னாடி பேங்க்ல போயி கேளுங்க.

இனிமே பேர் விஷயம். எங்க ஈபி கனெக்‌ஷன் அப்பா பேர்ல இருந்துச்சு, அப்பா காலமாகி வருஷம் ஆச்சு, பில்லு மட்டும் அவர் பேர்லயே வந்துகிட்டு இருந்துச்சு. கடலூர்ல பாதி வீடு இப்டித்தான் இருக்கும், யாரும் மாத்துறதில்ல. ஆனா இந்த திட்டத்துல கன்சூமர் யாரோ அவருதான் அப்ளை பண்ணணும், அவர் அக்கவுண்ட்டுக்குதான் பணம். அதனால சோலார் கம்பெனி பக்கமே போகாம மொதல்ல பெயர் மாற்றத்துக்கு ஆன்லைன்ல போட்டேன், அப்பாவோட இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், வீட்டு வரி ரசீது, அம்மாவும் தங்கச்சியும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்குடுத்த கடிதம், இதெல்லாம் ஏத்துனேன். செக்‌ஷன் ஆபீஸ்ல ஏஇ (உதவிப் பொறியாளர்) சார் ஒழுங்கா பாத்து முடிச்சுக் குடுத்தாரு. அப்போ இன்னொன்னையும் சேத்து கவனிங்க, நம்ம ஊர்ல இனிஷியல் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஈபியில முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பேங்க்ல அப்பா பேரு முழுசா விரிச்சு. பெயர் மாற்றம் பண்றப்பவே ஆதார்ல எப்டி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்டியே போடச் சொல்லிடுங்க, பேங்க் பாஸ்புக்கையும் அதே மாதிரி ஆக்கிடுங்க. கடைசியில பணம் வர்ற நேரத்துல இந்த ஒரு எழுத்துல மாட்டிகிட்டு நிக்கிற ஆளுங்கள எங்க தெருவுலயே பாத்துட்டேன்.

பேர் மாறுன பில்லு கைக்கு வந்த அப்புறம்தான் திட்டத்தோட போர்ட்டல்ல (வெப்சைட்) ரிஜிஸ்டர் பண்ணேன். மாநிலம், டிஸ்காம் (கரண்ட் குடுக்கற கம்பெனி) பேரு, கன்சூமர் நம்பர், மொபைல், அவ்ளோதான். அப்ளிகேஷன நானே போட்டேன், என் மொபைல் நம்பர், என் ஈமெயில். வேண்டர் அவங்க நம்பர குடுத்து போட்டாங்கன்னா அப்புறம் எந்த நிலைமையில இருக்குன்னு உங்களுக்கே தெரியாது, ஒவ்வொண்ணுக்கும் அவங்கள கேட்டுகிட்டு நிக்கணும். 10 கிலோவாட் வரைக்கும் ஃபீசிபிலிட்டி, அதாவது நம்ம லைன் தாங்குமான்னு தனியா ஆய்வு கிடையாது, 2024ல நுகர்வோர் உரிமை விதிகள்ல திருத்தம் வந்ததுல இருந்து தானா ஓகே ஆயிடும். ஆனா அப்ளை பண்ணி நம்பர் வந்த பிறகுதான் மாடியில வேலை ஆரம்பிக்கணும், மொதல்ல மாட்டிட்டு அப்புறம் மானியத்துக்கு போனா கதை கந்தல்.

அந்த இடைவெளியில மாடிய அளந்தேன். 540 வாட் பேனல் ஒண்ணு ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், எடை 30 கிலோ பக்கம். ஆறு பேனல் வேணும். நெழல் எங்க விழுதுன்னு காலையில எட்டு மணி, பத்து மணி, மத்தியானம், நாலு மணின்னு தரையில சாக்பீஸால கோடு போட்டு வச்சேன். எல்லாரும் தெக்கு பக்கம் மறைக்காம இருந்தா போதும்னு சொல்வாங்க, அது வடநாட்டு கணக்கு. கடலூர் 11.7 டிகிரி வடக்குல இருக்கு, அதனால சித்திரை ஆரம்பத்துல சூரியன் நம்ம தலைக்கு மேல வந்துட்டு அப்புறம் ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் வடக்கு பக்கமாதான் போகும், அந்த மாசங்கள்ல வடக்குல நிக்கற தண்ணி டேங்க்கோட நெழல் தெக்கே இருக்கற பேனல் மேல விழும். எங்க சிண்டெக்ஸ் டேங்க் வடகிழக்கு மூலையில இருந்துச்சு, கோடைக் காலையில அதோட நெழல் மொத பேனல தொடும்னு தெரிஞ்சதும் பேனல் வரிசைய மேக்கால தள்ளி வச்சேன். பேனல் எல்லாம் சீரீஸ்ல, அதாவது ஒண்ணோட ஒண்ணா சங்கிலி மாதிரி இணைச்சிருக்கு, ஒண்ணுல ஓரத்துல நெழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் அடி வாங்கும். பக்கத்து வீட்டு தென்னைமரம் ஒண்ணு சாயங்காலம் லேசா மறைக்குது, அதுக்காக மரத்த வெட்டுங்கன்னு கேக்க மனசு வரல, அந்த ஒரு மணி நேரம் போனா போகட்டும்.

அடுத்து கொட்டேஷன். போர்ட்டல்ல பதிவு பண்ண வேண்டர் மட்டும்தான் செல்லும், அந்த லிஸ்ட்ல கடலூர், புதுச்சேரி, விழுப்புரத்துல வேலை செய்யற சிலர கூப்புட்டு விலை கேட்டேன். இங்கதான் ரொம்ப கவனம் வேணும். மானியத்துக்கு டிசிஆர் பேனல் கட்டாயம், அதாவது பேனலும் இந்தியாவுல செஞ்சிருக்கணும், உள்ள இருக்கற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். வெளிநாட்டு செல்ல கொண்டாந்து இங்க கண்ணாடி வச்சு ஒட்டுன பேனல்லயும் மேட் இன் இந்தியான்னு அடிச்சிருக்கும், விலை நல்லா கம்மியா இருக்கும், பேனல் தரமும் மோசம்னு சொல்லமுடியாது, ஆனா அதுக்கு மானியம் கிடையாது. ஒருத்தர் குடுத்த கொட்டேஷன்ல இந்தியன் மேக்குன்னு மட்டும் இருந்துச்சு, டிசிஆர்னு எழுதிக் குடுங்க, சீரியல் நம்பரோட சர்டிபிகேட் தருவோம்னும் எழுதுங்கன்னு கேட்டதும் விலை ஏறிடுச்சு. இன்னொருத்தர் 540 வாட் பேனல் அஞ்சு போட்டு 3 கிலோவாட் சிஸ்டம்னு சொன்னாரு, இன்வெர்ட்டர் (பேனல்ல வர்ற டிசி கரண்ட்ட வீட்டுக்கு ஏத்த ஏசியா மாத்துற பெட்டி) 3 கிலோவாட்தான், ஆனா அஞ்சு பேனல்னா 2.7 கிலோவாட். மானியம் பேனலோட மொத்தம், இன்வெர்ட்டர் ரெண்டுல எது கம்மியோ அதுக்குத்தான் கணக்கு, 60,000 கூட 0.7க்கு 12,600, ஆக 72,600தான் வரும். 5,400 ரூபா கொறையறது மட்டும் இல்ல, வாழ்நாள் பூரா ஒரு பேனலோட கரண்ட்டும் போச்சு. ஆறு பேனல், 3.24 கிலோவாட், 3 கிலோவாட் இன்வெர்ட்டர்னு முடிவு பண்ணி, எங்களுக்கு ஸ்ட்ரக்சர் (பேனல தாங்குற கம்பிச் சட்டம்) கூடுதல் செலவோட சேத்து ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா கொறைஞ்சிருக்கு, பழைய கொட்டேஷன வச்சு பேசுறவங்ககிட்ட அதையும் கேட்டு கழிங்க.

இந்த லிஸ்ட், சீரியல் நம்பர் தொல்லை நம்ம ஊர்ல மட்டும்தான்னு நெனைக்காதீங்க. எங்க அக்கா பையன் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்கான், அங்க குளிருக்கு ஹீட் பம்ப் போடுறாங்க, நம்ம ஏசி ரூம்ல இருக்கற சூட்ட வெளிய தள்ளுதுல்ல, அதையே திருப்பி ஓட்டி வெளிய இருக்கற கொஞ்சநஞ்ச சூட்ட உறிஞ்சி உள்ள கொண்டாறது. அவன்கிட்ட இத சொன்னப்போ "மாமா, இங்கயும் அப்டியேதான்"னு சொன்னான். மாஸ் சேவ்னு அங்க கரண்ட் கம்பெனி, கேஸ் கம்பெனி எல்லாம் சேந்து நடத்துற திட்டம், மெஷின் அளவுக்கு ஏத்த மாதிரி ரிபேட், அதாவது கொஞ்சம் பணத்த திருப்பிக் குடுக்கறாங்க. அதுக்கு மொதல்ல வீட்ட வந்து எனர்ஜி ஆய்வு பண்ணணும், சுவர் கூரையில சூடு ஒழுகாம அடைக்கச் சொன்னா அடைக்கணும், அவங்க நெட்வொர்க்ல இருக்கற இன்ஸ்டாலர்தான் போடணும், உள்ள வெக்கற யூனிட்டும் வெளிய வெக்கற யூனிட்டும் ஜோடியா ஏஹெச்ஆர்ஐ நம்பரோட (அந்த ஜோடிக்குன்னு குடுக்கற சர்டிபிகேட் நம்பர்) தகுதி லிஸ்ட்ல இருக்கணும், ஜோடி மாறுனா ரெண்டும் நல்ல மாடலா இருந்தாலும் ரிபேட் போச்சு. அதுக்கு மேல மத்திய அரசு வரிச்சலுகை செலவுல 30 சதவீதம், 2,000 டாலர் வரைக்கும் இருந்துச்சு, அது 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சிடுச்சு, அவன் அதுக்குள்ள வேலைய முடிச்சுட்டான். நாடு வேற, மெஷின் வேற, ஆனா பணம் குடுக்கறவங்க பாக்குறது அதே மூணுதான்: யாரு போட்டா, எந்த மாடல், முன்கூட்டியே சொன்னீங்களா.

சரி, இப்ப ஸ்ட்ரக்சர். இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருந்தேன், இனியும் யாரு கேட்டாலும் இதத்தான் அதிகம் பேசுவேன். 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு, காத்து மணிக்கு 140 கிலோமீட்டர் பக்கம். பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி மரமெல்லாம் வேரோட சாஞ்சது, எங்க தெருவுல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டெல்லாம் பறந்தது. காத்து அழுத்தத்துக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, வேகத்த மீட்டர்/செகண்ட்ல எடுத்து அத அதாலயே பெருக்கி 0.6ஆல பெருக்குனா ஒரு சதுர மீட்டருக்கு எத்தன நியூட்டன்னு வரும். 140 கிலோமீட்டர்னா 38.9 மீட்டர்/செகண்ட், 900 நியூட்டன் சொச்சம். ஆறு பேனலோட பரப்பு 15.5 சதுர மீட்டர், பெருக்குனா 14,000 நியூட்டன், கிட்டத்தட்ட 1.4 டன். நம்ம கடற்கரைக்கு கட்டட விதிப்படி எடுக்க வேண்டிய அடிப்படை காத்து வேகம் 50 மீட்டர்/செகண்ட், அதுக்கு போட்டா 2.4 டன் பக்கம். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, என்ன சாய்வுங்கறத வச்சு கூடும் கொறையும், ஆனா அளவு இதுதான். பேனல் ஆறும் சேத்து 180 கிலோ. வேண்டர் சொன்னது என்னன்னா மாடியில ஒரு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் கட்டைய எட்டு எடத்துல சும்மா வச்சு அதுமேல நிறுத்திடலாம், தட்டோடு ஒடைக்க வேணாம், ஒழுகாதுன்னு. அந்த மாதிரி கட்டை ஒண்ணு 65 கிலோ, எட்டும் 520 கிலோ. 2.4 டன் தூக்குற காத்துக்கு 520 கிலோ எப்டிங்க நிக்கும். பேனல் காத்துல கெளம்புனா நம்ம நஷ்டத்தோட போகாது, பக்கத்து வீட்டு மேல, ரோட்ல போறவங்க மேல விழும்.

அதனால எட்டு எடத்துலயும் தட்டோட்ட எடுத்து, அடியில இருக்கற சுர்க்கிய (சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி கலவை) கொத்தி, ஆர்சிசி தளம் தெரியற வரைக்கும் போனோம். தளத்துல 3.5 அங்குலம் ஓட்டை போட்டு, தூசிய ஊதி சுத்தமா எடுத்து, கெமிக்கல் ஆங்கர்ல (கம்பிய கான்கிரீட்டோட ஒட்டவெக்கற மருந்து) 12 எம்எம் ராடு எறக்கி, அது செட் ஆன அப்புறம் பேஸ் பிளேட் வச்சு முறுக்கி, அதுமேல பெடஸ்டல் (சின்ன பீடம்) கான்கிரீட் போட்டோம். ஓட்டை போடுறதுக்கு முன்னாடி தளத்தோட கனம் எவ்ளோன்னு மாடிப்படி ஓப்பனிங் பக்கத்துல அளந்துக்கணும், எங்களுது அஞ்சு அங்குலம், நாலரை அங்குலத்துக்கும் கம்மியா இருக்கற பழைய தளமா இருந்தா ஒரு இன்ஜினியர கூப்பிட்டு பாத்துட்டு செய்யுங்க. ஓட்டை தூசிய ஊதாம மருந்த ஊத்துனா பிடிப்பே இருக்காது, தூசிதான் மருந்தோட ஒட்டும், இதுக்காக நான் பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு ஓட்டையா பாத்தேன். பெடஸ்டல் சுத்தி வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் ரெண்டு கோட்டு அடிச்சு, தட்டோட்ட திரும்ப பதிச்சு, ஓரத்த வளைச்சு பூசி, தண்ணி கட்டி வச்சு கீழ ரூம் சீலிங்ல ஈரம் தெரியுதான்னு பாத்துட்டுதான் அடுத்த வேலைக்கு விட்டேன். எங்க வீட்டம்மாவுக்கு ஒழுகுமோன்னுதான் பெரிய கவலை, மழை முடிஞ்சும் சீலிங் காஞ்சே இருக்கு.

உயரம் பத்தியும் ஒரு பேச்சு வந்துச்சு, எட்டடிக்கு தூக்கிப் போட்டா அடியில துணி காயப்போடலாம் சார்னு. வசதிதான், ஆனா தூக்கத் தூக்க காத்து அடியில பூந்து நெம்பும், கம்பியும் கனமா வேணும், செலவும் ஏறும். நாங்க முன்பக்கம் ரெண்டு அடி, பின்பக்கம் மூணரை அடின்னு தாழ்வா போட்டோம், தெக்க பாத்து 12 டிகிரி சாய்வு, மழைத்தண்ணி அழுக்க இழுத்துகிட்டு ஓட அந்த சாய்வு போதும். அடியில கூட்டிப் பெருக்க இடம் இருக்கு.

கம்பி ஹாட் டிப் கேல்வனைஸ் பண்ணதா, அதாவது உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்ததா இருக்கணும், 80 மைக்ரான் பூச்சு. கடையில கெடைக்கற சாதா ஜிபி பைப்புல பூச்சு ரொம்ப மெலிசு, வெட்டுன முனையில ரெண்டு மழைக்குள்ள துரு பூத்துடும், இது நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் இருக்கறவங்களுக்கு பரவால்ல, கடலோரத்துல இருக்கற நமக்கு ஆகாது. வெல்டிங் வேணவே வேணாம்னுட்டேன், வெல்டு வெக்கற இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், உப்புக்காத்து அங்கதான் மொதல்ல புடிக்கும். எல்லாமே போல்ட்டு, ஓட்டை போட்ட இடத்துல எல்லாம் ஜிங்க் ஸ்ப்ரே, போல்ட்டு நட்டு வாஷர் எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ், 304 கொஞ்சம் விலை கம்மி ஆனா கடலுக்கு 316 மேல். பேனல்லயும் ஐஇசி 61701னு உப்புக்காத்து டெஸ்ட் பாஸ் பண்ண சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க. இதுல எதையும் மானியத்துக்கு வர்றவங்க நம்மள மாதிரி துருவி பாக்கப்போறதில்ல, இந்த செலவுக்கு தனியா மானியமும் கிடையாது, ஆனா 25 வருஷம் நிக்கணும்னா இங்கதான் காசு போடணும்.

எர்த்திங் மூணு குழி. டிசி பக்கத்துக்கு ஸ்ட்ரக்சரோட சேத்து ஒண்ணு, ஏசி பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு தனியா ஒண்ணு, அத மத்ததோட ஒரே குழியில சேக்கக்கூடாது. நம்ம மண்ணு மணல்பாங்கு, கோடையில காஞ்சா எர்த்தோட மின்தடை ஏறும், அதனால குழிய நிரப்புற பேக்ஃபில் பவுடர் தாராளமா போடச் சொல்லி, எர்த் டெஸ்டர் வச்சு அளந்து 5 ஓமுக்குள்ள வந்ததும்தான் மூடுனோம். அடிக்கடி தண்ணி ஊத்துற மாதிரி குழி மூடிய தொறந்து மூட வசதியா வச்சிருக்கு.

பேனல் வண்டியில வந்து எறங்குன அன்னிக்கு மாடிக்கு ஏத்துறதுக்கு முன்னாடி ஆறு சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து டிசிஆர் சர்டிபிகேட்ல இருக்கற நம்பரோட ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்தேன். ஏத்தி மாட்டிட்டா பின்னாடி லேபிள் பாக்குறது கஷ்டம், கண்ணாடி உள்ளயும் நம்பர் இருக்கும் ஆனா எல்லாத்துலயும் சுலபமா படிக்க முடியாது. வந்த தம்பிங்க ரெண்டு பேரும் பொறுமையா நின்னு காமிச்சாங்க, நல்ல பசங்க. ஆறையும் சீரீஸ்ல போட்டு இன்வெர்ட்டருக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஓப்பன் வோல்டேஜ் (எதோடயும் இணைக்காதப்போ இருக்கற வோல்டேஜ்) அளந்தோம், ஒரு பேனலுக்கு 49.5 வோல்ட்னு பின்னாடி அடிச்சிருக்கு, ஆறுக்கு 297, மீட்டர்ல 272 வந்துச்சு. கொறைஞ்சிருக்கேன்னு பயப்படாதீங்க, அடிச்சிருக்கறது 25 டிகிரி சூட்டுக்கு, மத்தியான வெயில்ல பேனல் 60 டிகிரிக்கு மேல போயிடும், சூடு ஏற ஏற வோல்டேஜ் எறங்கும், அந்த எறக்கத்த போட்டா சரியா வருது. ஒரு பேனல் கனெக்‌ஷன் இல்லாம விட்டுப்போயிருந்தா இன்னும் 45 வோல்ட்டு கிட்ட கொறைஞ்சிருக்கும், அப்பதான் தேடணும். இந்த டிசி 300 வோல்ட் விளையாட்டு இல்ல, தெரியாதவங்க கைய வெக்காதீங்க, வெயில் இருக்கற வரைக்கும் அத ஆஃப் பண்ணவே முடியாது.

இன்வெர்ட்டர கீழ போர்ட்டிகோவுல வெக்கலாம்னு வேண்டர் சொன்னாரு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறி, ஒரே நாள்ல புதுச்சேரியில 45 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டி, அதுக்கு அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர்ல எத்தன தெருவுக்குள்ள பூந்துச்சுன்னு பாத்தவன் நான். அதனால அத மேல மாடிப்படி அறையில, மழைச்சாரல் படாத வடக்கு சுவர்ல, காத்தோட்டமா மாட்டியாச்சு.

வேலை முடிஞ்சதும் வேண்டர் போர்ட்டல்ல விவரம் ஏத்தணும், பேனல் சீரியல், இன்வெர்ட்டர் மாடல், நானும் பேனலும் ஒண்ணா நிக்கற மாதிரி இடம் தெரியற போட்டோ. அப்புறம் நெட் மீட்டர், எம்ஆர்டியில (ஈபியோட மீட்டர் சோதனை பிரிவு) டெஸ்ட் பண்ணி வந்த, உள்ள வர்றது வெளிய போறது ரெண்டையும் அளக்கற மீட்டர ஈபி ஆளுங்க வந்து மாட்டி, ஏஇ வந்து பாத்து, சப்ளைய கட் பண்ணா இன்வெர்ட்டர் தானா நிக்குதான்னு சோதிச்சு, சிஸ்டம் ஓட ஆரம்பிச்சாச்சுன்னு கமிஷனிங் ரிப்போர்ட் போட்டாரு. எல்லாத்துலயும் அதிக நேரம் புடிச்சது மீட்டர்தான். மீட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிப்பாக்கலாம் சார்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பழைய மீட்டர்ல நாம வெளிய அனுப்புற யூனிட்டும் நாம செலவு பண்ணதா ஏறிட வாய்ப்பு இருக்கு, அனுமதியும் கிடையாது. கடைசித் தவணைய மீட்டர் மாட்டி ரிப்போர்ட் ஏறுன பிறகுதான் தருவேன்னு ஆரம்பத்துலயே ஒப்பந்தத்துல எழுதிட்டேன், அதனால வேண்டரும் விடாம அலைஞ்சு முடிச்சுக் குடுத்தாரு. ரிப்போர்ட் வந்ததும் பேங்க் விவரத்தையும் கேன்சல் பண்ண செக்கையும் ஏத்துனேன், அடுத்த மாசத்துக்குள்ள 78,000 வந்து விழுந்துச்சு.

கரண்ட் கட்டானா சோலாரும் நின்னுடும், இத யாரும் முன்னாடி சொல்லமாட்டாங்க அதனால நான் சொல்றேன். லைன்ல வேலை பாக்குற லைன்மேனுக்கு நம்ம வீட்ல இருந்து போற கரண்ட் அடிச்சிடக்கூடாதுன்னுதான் அப்டி வச்சிருக்காங்க, அது சரியான ஏற்பாடு. புயலுக்கு அப்புறம் நாள்கணக்குல கரண்ட் இல்லாதப்போ மாடியில வெயில் கொளுத்துனாலும் ஃபேன் ஓடாது. அதுக்கு பேட்டரியோட ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேணும், விலை நல்லா ஏறும், பேட்டரிக்கு தனியா மானியம் இல்ல. எங்க வீட்ல ஏற்கனவே இருக்கற பழைய யுபிஎஸ்ஸும் பேட்டரியும் அப்டியே இருக்கு, ஃபேன் லைட்டுக்கு போதும்.

கழுவுறது வாரம் ஒரு தடவ, விடியக்காலையில கண்ணாடி சூடேறதுக்கு முன்னாடி. போர் தண்ணி வேணாம், நம்ம பக்கம் உப்புத்தண்ணி, காஞ்சா வெள்ளையா படிஞ்சு சுரண்டுனாலும் போகாது. மாநகராட்சி தண்ணியோ சேத்து வச்ச மழைத்தண்ணியோ ஊத்தி மெதுவான துணி கட்டுன குச்சியால துடைக்கிறேன். புரட்டாசி பொறந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளக்கற ஸ்பேனர்) வச்சு ஒரு சுத்து பாத்துடணும்.

இப்ப அக்கா வீட்டுக்கு போடணும்னு கெளம்பியிருக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில. மானியம் அதே 78,000தான், மத்திய அரசு பணம்ங்கறதால எல்லை தாண்டுனாலும் மாறாது, ஆனா போர்ட்டல்ல புதுச்சேரின்னு எடுத்து அங்க இருக்கற மின்துறையத்தான் தேர்ந்தெடுக்கணும், கட்டணம் நிர்ணயிக்கிறதும் நம்ம ஆணையம் இல்ல, ஜேஇஆர்சி (யூனியன் பிரதேசங்களோட கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்). அதனால நான் மேல போட்ட ஸ்லாப் கணக்கு அவங்களுக்கு செல்லாது, அவங்க பில்ல எடுத்து தனியா போடணும். வீடு ரெண்டு பாகஸ்தருக்கு பொதுவா இருக்கு, மாடி யாருக்குன்னு பத்திரத்துல தெளிவா இல்ல, கனெக்‌ஷன் இன்னும் மாமா பேர்ல. மாமா தம்பிகிட்ட மாடிய உபயோகிக்க சம்மதம்னு எழுதி வாங்கிட்டு, பேர் மாற்றத்த முடிச்சுட்டு அப்புறம்தான் கொட்டேஷன் கேக்கணும்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் எந்த வேண்டர் வந்து அட்வான்ஸ் கேட்டாலும் குடுக்காதன்னும் சொல்லியிருக்கேன், 5 வருஷ மெயின்டனன்ஸ் வேண்டர் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு நானே படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடச் சொல்றேன்.